ஞானத்தகப்பன் இல்லாத கப்பல்

ஜெரோம்,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் கோயில் படி இறங்கும்போது உன் போன் வந்தது. மும்பை ஏஜெண்டு உனக்கு ஒரு கப்பல் பார்த்து வைத்திருக்கிறான், பழைய எண்ணெய்க் கப்பல்தான், ஆனாலும் அதிகாரி வேலை, உடனே ஏறலாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். எந்த நாட்டுக் கொடி என்று கேட்டேன். "அது மாறிக்கிட்டே இருக்கும்மா, அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்றாய். நான் பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு அது கோபம் போலத் தெரிந்திருக்கும். கோபம் இல்லை. உன் அப்பா இறந்ததும் இப்படிப்பட்ட ஒரு கப்பலில்தான் என்பதை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. கோயில் படியில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் நடுவில் பேசுகிற பேச்சா அது?

அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுதிப் பழக்கமில்லை. நம் கோயில் சாமியார்தான் பிழை திருத்தித் தந்தார். திருத்தி முடித்தபிறகு, இதைக் கோயிலில் அச்சடிக்கிற பங்கு இதழில் போடலாமா என்று கேட்டார். உன்னைப் போல ஏஜெண்டு சொல்லும் வார்த்தைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் நம் கடற்கரையில் புன்னைக்காயலிலிருந்து பெரியதாழை வரைக்கும் எத்தனையோ பேர். அவர்களுடைய அம்மாமாரும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். போடுங்கள் சாமி என்றேன். ஊரே படிக்கும் என்று நீ கூச்சப்படாதே. ஊருக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை.

உன் அப்பா கடைசியாக வேலை பார்த்த கப்பலைப் பற்றி உன்னைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். உன்னிடம் பேசும்போது அவர் உன் படிப்பைத்தான் கேட்பார். கப்பலைப் பற்றி என்னிடம்தான் சொல்வார். போசன் வேலை, டெக்கில் உள்ள ஆட்களுக்கெல்லாம் தலைவர். அதனால் கப்பலுடைய பெயரை மாற்றி எழுதுகிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. தொங்கு பலகையில் உட்கார்ந்து, கப்பலின் பின்பக்கமாக இறங்கி, பழைய பெயரைப் பெயின்ட் அடித்து மூடிவிட்டு, அதன்மேல் புதுப் பெயரை எழுத வேண்டும். கீழே சொந்தத் துறைமுகத்தின் பெயரையும் மாற்ற வேண்டும். பழைய எழுத்துகளை இரும்போடு இரும்பாகப் பற்றவைத்திருப்பார்களாம். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது அடியில் இருக்கிற பெயர் மேடுதட்டித் தெரியும் என்பார். கப்பல் எங்கே நிற்கிறது என்று உலகத்துக்குக் காட்டுகிற கருவியைச் சில நாள் அணைத்துவிடுவார்களாம். அந்த நாட்களில் அவருக்கும் போன் இருக்காது. திரும்ப லைன் கிடைத்துப் பேசும்போது கப்பல் வேறு பெயரில் இருக்கும்.

அப்படி ஒரு நாள் பேசும்போதுதான் சொன்னார். "ஏளா, இந்தக் கப்பலுக்கு இன்னைக்கும் ஒரு ஞானஸ்நானம் குடுத்தாச்சு. பேரு வைக்கதுக்கு நான் இருக்கேன். ஞானத்தகப்பன்தான் ஒருத்தனும் இல்ல." நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

வெளியூர்க்காரர்கள் படித்தால் இது விளங்காது என்று சாமியார் சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். நம் ஊரில் புதுப் படகைச் சாமியார் செபம் சொல்லி மந்திரிக்கும்போது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற மாதிரியே, வேறு வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் மெழுகுதிரி பிடித்து நிற்பார். அவர்தான் அந்தப் படகின் ஞானத்தகப்பன். படகில் அவருக்குப் பங்கும் கிடையாது, பிடிக்கிற மீனில் பாடும் கிடையாது. மந்திரிப்பு அன்றைக்கு ஒரு வேட்டியும் சாப்பாடும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படகு நேரத்துக்குத் திரும்பி வராவிட்டால் முதலில் தேடிப் போக வேண்டியவர் அவர். சண்டையாக இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தாலும் போக வேண்டும். மாட்டேன் என்று சொன்னால் பிறகு அவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

கப்பலுக்கு அந்த இடத்தில் இருப்பது அதைப் பதிவு செய்த நாட்டின் கொடி என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் இறந்தபிறகுதான் தெரிந்தது. போன வருஷம் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கப்பல் வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. கரை கண்ணுக்குத் தெரிந்தது என்று அவரோடு இருந்த பையன் பிறகு சொன்னான். ஆனால் அது பெரிய நாடுகள் போட்ட தடைப் பட்டியலில் உள்ள கப்பல். உள்ளே விட்டால் நாளைக்கு எந்தப் பெரிய நாடு தங்களைக் கேட்குமோ என்று துறைமுகத்துக்குப் பயம். அனுமதி கேட்டுக் கேட்டு அன்றைய பகல் போனது. அவரும் போய்விட்டார். காய்கறியும் இறைச்சியும் வைக்கிற குளிர் அறையில் அவரைப் படுக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நானும் நீயும் அலைந்ததை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை. எழுதினால் இதழில் இடம் போதாது. கொடி நாடு எங்கேயோ உள்ள ஒரு சின்னத் தீவு. அந்தக் கப்பல் எங்கள் பதிவிலேயே இல்லை, எங்கள் கொடியைப் பொய்யாகக் கட்டிக்கொண்டு திரிகிறது என்று அவர்கள் பதில் எழுதினார்கள். முதலாளி கம்பெனி என்பது வேறொரு நாட்டில் பூட்டிக் கிடந்த ஓர் அறை. இன்சூரன்ஸ் மூன்றாவது ஒரு நாட்டில். அந்த இன்சூரன்சை இந்தத் துறைமுகம் ஏற்றுக்கொள்ளாது. சென்னையில் கப்பல் துறை அலுவலகத்தில் இருந்த அந்தப் பெண் அதிகாரியை உனக்கு நினைவிருக்கும். உன் வயதுதான் இருக்கும். நாற்காலி இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, மறைக்காமல் சொன்னாள். "அம்மா, சட்டமெல்லாம் இருக்கு. எல்லாச் சட்டமும் கொடி நாட்டைத்தான் கைகாட்டும். கொடியே பொய்னா நாங்க யாரைக் கைகாட்டுறது?" எனக்கு அவள்மேல் வருத்தமே வரவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்ல ஒருத்தியாவது இருந்தாளே என்றுதான் தோன்றியது. உலக நாடுகளெல்லாம் கூடுகிற சபைக்கும் எழுதிப் பார்த்தோம். பணிவாகப் பதில் வந்தது. அவர்களும் கொடி நாட்டுக்கு எழுதுவதாகச் சொன்னார்கள்.

பெரிய வெள்ளி அன்றைக்குக் கோயிலில் ஆண்டவருடைய சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கினார்கள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. ஆணியைப் பிடுங்கி, துணியால் தாங்கி, மெதுவாக இறக்குவார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதர்மேல் கண் போனது, ஆளுநரிடம் போய் இந்த உடலை எனக்குத் தாருங்கள் என்று கேட்ட மனிதர். அவர் சொந்தக்காரர் இல்லை, சீடர்களோடு கூடவே திரிந்தவரும் இல்லை. உடன் இருந்தவர்கள் எல்லாம் பயந்து ஒளிந்துகொண்ட நேரத்தில் அவர் போய்க் கேட்டார். என் வீட்டுக்காரரைக் கேட்க ஒருவர் வேண்டுமே ஆண்டவரே என்று அங்கேயே மண்டியிட்டேன். உனக்கு இதில் நம்பிக்கை குறைவு, தெரியும். நடந்ததைச் சொல்கிறேன்.

காயல்பட்டினத்துச் செய்யது காக்கா, அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், யாரென்று அதுவரை நமக்குத் தெரியாது. அந்தத் துறைமுகத்தில் லாஞ்சி என்கிற சின்ன எஞ்சின் படகு வைத்து, நங்கூரம் போட்டுக் கிடக்கிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். கப்பலில் ஒரு ஆள் இறந்து கிடக்கிறார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் என்று அந்தப் பையன்தான் அவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் நேரே துறைமுக அதிகாரியிடம் போய்விட்டார். கப்பல் உள்ளே வர வேண்டாம், என் லாஞ்சியில் நான் கொண்டு வருகிறேன், எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பட்டியலில் உள்ள கப்பலைத் தொட்டதற்கு அவருடைய லைசென்சையே பிடுங்கியிருக்கலாம். இறந்தவர் உனக்கு யார் என்று அதிகாரி கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்று பிறகு போனில் நானே கேட்டேன்.  "என்ன சொல்ல தங்கச்சி. எங்க கடக்கரை ஆளுன்னு சொன்னேன். அவருக்கு அது விளங்குச்சு" என்றார்.

ஈஸ்டர் பாஸ்கா கழிந்து அவருடைய பெட்டி திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியதும், நீ வேனில் கூடவே வந்ததும், கோயில் மணி அடித்ததும் உனக்குத் தெரியும். எந்த அரசாங்கமும் சொல்லாத வார்த்தையை, நான் பொறுப்பு என்கிற வார்த்தையை, காய்கறி கொண்டுபோகிற ஒருவர் சொல்லித்தான் உன் அப்பா வீட்டுக்கு வந்தார்.

கிறிஸ்துமசுக்கு நீ வந்திருந்தபோது நாம் பேசியதை இப்போது எடுக்கிறேன். பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன், நீ அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்றாய். இத்தனை காலமும் மேற்கே உள்ள நாலைந்து நாடுகள்தான் உலகத்துக்குச் சட்டம் எழுதின என்றாய். கப்பலுக்கு இன்சூரன்ஸ் அவர்களுடையது, பாங்கு அவர்களுடையது, வழக்கு என்றால் அவர்கள் ஊர்க் கோர்ட்டு. சபை என்று ஒன்று வைத்து, அதிலும் தாங்கள் சொல்வதே நடக்கிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். இப்போது சீனா வளர்ந்துவிட்டது, நம் நாடும் வளர்ந்துவிட்டது, மற்றவர்களும் எங்களையும் கேள் என்கிறார்கள். அவர்கள் போட்ட தடையை நாம் ஏன் மதிக்க வேண்டும்? தடை போட்ட அந்த எண்ணெயை நம் நாடே வாங்குகிறதே? "ஒலகம் மாறுதும்மா. நம்ம பக்கமா மாறுது. நீ என்னமோ பயப்படுத" என்றாய். உன் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் இருந்தது.  பணியாரம் கருகிப்போயிற்று.

நீ சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த எண்ணெயில் கொஞ்சம் நம் ஊர்ப் படகுகளிலும் எரிந்திருக்கும். நான் மீன் கூடையோடு டவுனுக்குப் போகிற ஆட்டோவிலும் எரிந்திருக்கும். அதுவரைக்கும் யோசித்துவிட்டேன். உன் அப்பா கொண்டுவந்து கொடுத்த எண்ணெயாகவே கூட இருக்கலாம். ஆகையால் பழைய ஏற்பாடுதான் நல்லது, அந்த நாலைந்து நாடுகளே ஆளட்டும் என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. நம் ஊரில் அந்த மாதிரி ஒரு காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஊரில் ஒரே கமிட்டி. வடக்குத் தெருவில் இருந்த ஒரு பெரிய படகு முதலாளி வைத்ததுதான் சட்டம். எந்த வலை போடலாம், எந்த நேரம் கடலுக்குப் போகலாம், யாருக்கு டீசல் டோக்கன், அது இல்லாவிட்டால் படகு கடலில் இறங்காது, எல்லாம் அவர் வீட்டு முற்றத்தில்தான் முடிவாகும். நியாயமும் கிடைக்கும், அநியாயமும் கிடைக்கும். அவருக்கு ஆகாதவன் கேட்டால் டோக்கன் தீர்ந்துவிட்டது என்பார்கள். ஆனால் ஒன்று, உன் வலையை ஒருவன் அறுத்துவிட்டால் யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். பிறகு தெற்குத் தெருக்காரர்கள் கஷ்டப்பட்டுப் பெரிய எஞ்சின் வைத்த படகுகள் வாங்கினார்கள். எங்களைக் கேட்காமல் போட்ட சட்டம் எங்களுக்கு எதற்கு என்றார்கள். அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார், நாம் வடக்குத் தெருவில் இருந்தும்கூட. ஆனால் முற்றத்துக்காரர் இறங்கி வரவில்லை, தெற்குத் தெருக்காரர்கள் காத்திருக்கவில்லை. கமிட்டி இரண்டாயிற்று. இரண்டு டோக்கன், இரண்டு சட்டம், இரண்டு ஏலம். ஆளுக்கு ஒரு மைக் வைத்துக்கொண்டு கத்தினார்கள். உங்கள் கமிட்டியை நாங்கள் மதிக்கவில்லை என்று சொல்வதுதான் அன்றைக்குப் பெருமை.

அந்த நேரத்தில்தான் சூசை அண்ணன் படகு திரும்பி வரவில்லை. அவர் தெற்குத் தெரு. காற்று மாறி அடித்த நாள். மற்றப் படகெல்லாம் வந்துவிட்டது, அது மட்டும் வரவில்லை. தெற்குக் கமிட்டி, வடக்குப் பக்கத்துக் கடலில்தான் காணாமல் போயிருக்கிறது, அவர்கள் எல்லை, அவர்கள் தேடட்டும் என்றது. வடக்குக் கமிட்டி, அது எங்கள் டோக்கன் இல்லாத படகு, எங்கள் கணக்கிலேயே இல்லை என்றது. இப்போது யோசித்தால் அந்தத் தீவுக்காரர்கள் எழுதிய பதில் இதேதான். இரண்டு கமிட்டியும் கெட்ட மனிதர்கள் இல்லை. தாங்கள் முதலில் போனால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்கிற பயம். சூசை பெண்டாட்டி கடற்கரையில் இந்தக் கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை.

உன் அப்பா அப்போது வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கமிட்டி பிரிவதற்கு முன்னால் சூசை படகு மந்திரித்தபோது மெழுகுதிரி பிடித்தவர் அவர்தான். யாரோ வாசலில் நின்று சொன்னார்கள். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். நம் தெருக்காரர் ஒருவர் வழியில் நின்று, "ஏலே, போனீன்னா நாளைக்கு ஒனக்கு டோக்கன் கெடையாது, பாத்துக்க" என்று சொன்னார். அப்பா நின்று பதில் சொன்னார். "டோக்கன் ஒங்க கமிட்டி குடுத்தது, எடுத்துக்கிடுங்க. மெழுகுதிரி கோயில்ல வச்சுப் புடிச்சது." அவ்வளவுதான் பேச்சு. அவரோடு இரண்டு பேர் ஏறினார்கள். பொழுது சாய்வதற்குள் சூசையையும் அவரோடு இருந்தவர்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிடந்தார்களாம்.

சொன்னபடியே டோக்கனைப் பிடுங்கிவிட்டார்கள். உன் அப்பா ஏன் கடல் தொழிலை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போனார் என்று நீ சின்ன வயதில் கேட்பாய். கப்பலில் நல்ல சம்பளம் என்று சொல்வேன். அதுவும் உண்மைதான். முதலில் நல்ல கம்பெனிக் கப்பல்களில்தான் போனார். வயது ஏற ஏற அவர்கள் இளவட்டங்களை எடுத்தார்கள். அதன்பிறகுதான் அந்தப் பெயர் மாறுகிற கப்பல். அன்றைக்குச் சூசையைத் தேடிப் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பாரோ என்று ஒருநாள் எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய மறுநிமிஷம் சூசை அண்ணன் தெருவில் போகிறார், "என்ன மயினி, சாப்பிட்டாச்சா" என்று கேட்டுக்கொண்டு. எதை எதோடு வைத்துக் கணக்குப் பார்ப்பது? விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கமிட்டி ஒன்றாகிவிட்டது என்று நினைக்காதே. உனக்கே தெரியும், இன்றைக்கும் இரண்டுதான். வலைக் கண்ணின் அளவுக்குச் சண்டை, டோக்கனுக்குச் சண்டை, திருவிழாக் கொடியேற்றத்தில் யார் முதலில் நிற்பது என்று சண்டை. ஆனால் அன்றைய சம்பவம் முடிந்து கோயில் மண்டபத்தில் இரண்டு கமிட்டியையும் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொள்ள வைத்தார்கள். தெற்குத் தெருப் படகுக்கு ஞானத்தகப்பன் வடக்குத் தெரு ஆள், வடக்குத் தெருப் படகுக்குத் தெற்குத் தெரு ஆள். மற்ற எதில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள், தேடிப் போவதில் மட்டும் கமிட்டி கிடையாது. இதிலும் ஏமாற்றுகிறவன் உண்டு. படகையே பார்க்காத ஒரு குடிகாரச் சொந்தக்காரனை, தெரு மாற்றிக் குடிவைத்து, பேருக்கு மெழுகுதிரி கொடுத்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்தக் கப்பல் கட்டியிருந்த கொடி மாதிரி. இருந்தாலும் அதன்பிறகு ஒரு படகும் தேட ஆள் இல்லாமல் கிடந்ததில்லை.

அந்த உலகச் சபையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் எனக்குக் கேட்கத் தெரிந்தது இவ்வளவுதான். யார் பெரியவர் என்பதை நீங்கள் மெதுவாக முடிவு செய்துகொள்ளுங்கள், அது என் ஆயுளில் முடியாது. தேடிப் போவதையும், நோயாளியைக் கரையில் இறக்குவதையும், செத்தவனை வீட்டுக்கு அனுப்புவதையும் மட்டும் அந்தச் சண்டைக்கு வெளியே வையுங்கள். நம் கடலில் கொடிகள் மாறுவது ஒன்றும் புதிதில்லையே. முத்துக் குளித்த காலத்தில் கரையில் கூடாரம் போட்டு வரி வாங்கியவன் ஒரு காலம் ராசா, ஒரு காலம் போர்த்துக்கீசப் பறங்கி, பிறகு டச்சுக்காரன், பிறகு வெள்ளைக்காரன். ஆனால் தண்ணீருக்குள் இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடித்தவன் எப்போதும் அவனுடைய மச்சான்தான் என்று உன் தாத்தா சொல்வார். தங்கச்சி தாலி அறுந்துவிடக் கூடாது என்கிற பயம் அவனுக்குத்தானே இருக்கும்.

நேற்று முன்தினம் சூசை அண்ணன் வீட்டுக்கு வந்தார். நீ அவரிடமே கேட்டுப் பார், இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அன்றைக்கு இடுப்பில் இருந்த அந்தக் கைப்பிள்ளை இப்போது சொந்தமாகப் படகு கட்டிவிட்டான். அடுத்த மாதம் மந்திரிப்பு. ஞானத்தகப்பனாக உன்னைக் கேட்டு வந்திருக்கிறார். ஜெரோம் கப்பல் ஏறினாலும் ஏறிவிடுவான் அண்ணே, ஊரில் இல்லாதவனை எப்படி நிறுத்துவது, அதுவும் ஏமாற்றுத்தானே என்றேன். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "அப்பம் நீங்க புடிங்க மயினி" என்றார்.

நான் சிரித்தேன். பொம்பளை மெழுகுதிரி பிடித்து நம் ஊரில் யார் பார்த்தது? நாளைக்கு அந்தப் படகு வராவிட்டால் நான் போய் என்னத்தைச் செய்ய என்று கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார். "ஏன், ஒங்களுக்குத் தேடிப் போகத் தெரியாதா? தவக்காலம் பூரா நாங்க பாக்கலியா?"

 அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். உன் அப்பாவுடைய பெட்டி வந்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. திரும்பி வந்து சரி என்று சொல்லிவிட்டேன். வடக்குத் தெருவில் இரண்டு மூன்று பேர் முணுமுணுக்கிறார்கள். சாமியாருக்குச் சம்மதம். வேட்டிக்குப் பதிலாகச் சேலை எடுத்துத் தருவதாகச் சூசை பெண்டாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறாள், கலர் கேட்டு. வெள்ளையே போதும் என்றேன்.

கப்பலுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. நீ படித்த படிப்பு அது, இந்தக் கடற்கரையில் பிறந்தவனைக் கரையில் கட்டிப்போட முடியாது. காத்திருக்கச் சொல்லவும் எனக்குத் தயக்கம், கூடப் படித்தவர்கள் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு அறையில் கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். வெள்ளிக்கிழமை அந்த ஏஜெண்டு கேட்கும்போது சம்பளத்தைப் பற்றி நீ கேட்க வேண்டியதைக் கேள். அதன்பிறகு இந்த ஒன்றையும் கேள்: நான் திரும்பி வராவிட்டால் என்னைத் தேடி வருவது யார்? ஏதாவது ஒரு நாட்டின் பெயரோ, கம்பெனியின் பெயரோ, ஒரு மனிதரின் பெயரோ அவன் சொல்ல வேண்டும். சொன்ன பெயர் உண்மைதானா என்று நீ விசாரிக்க வேண்டும். கப்பல் பக்கத்தில் போய் நிற்கிற நாள் வந்தால், ஏணியில் கால் வைக்குமுன் பின்பக்கமாக நடந்து போய், வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் அந்தப் பெயரைப் பார். அடியில் வேறு பெயர் மேடுதட்டித் தெரிந்தால், அதை எழுதியவர் யாரைப் போல ஒரு மனிதராக இருப்பார் என்று உனக்குத் தெரியும்.

சூசை அண்ணன் மகனுடைய படகை நேற்று கடற்கரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீலப் பெயின்ட் இன்னும் காயவில்லை. நல்ல எஞ்சின், எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன், சொன்னான். ஜெரோம், இனிமேல் அந்தத் தூரம்வரைக்கும் யார் காணாமல் போனாலும் நான் தேடிப் போவேன். அதற்கு அப்பால் இருக்கிற கடலுக்கு என்னால் வர முடியாது.

உன் அம்மா